எட்டு எலுமிச்சம்பழம்

எருமை என்று நாங்கள் கூப்பிட்டது ஒரு நீராவி இஞ்சினை. சரக்கு வண்டி இழுப்பதற்கென்றே செய்த பூதம். பக்கத்துக்கு நாலு என்று எட்டுப் பெரிய சக்கரம், முன்னும் பின்னும் சின்னச் சக்கரங்கள், பின்னால் தண்ணீரும் எண்ணெயும் சுமக்கிற டெண்டர். ஜோகூரின் ரப்பரையும் மரத்தையும் அன்னாசி டின்னையும் சிங்கப்பூர் பக்கம் இழுத்துக்கொண்டு போனது அதுதான். நான் அதில் பயர்மேனாக இருந்தேன், பிறகு டிரைவராகவும் இருந்தேன். இப்போது அது கூலாய்க்குப் பக்கத்தில் ஒரு புதுத் தாமானின், அதாவது புதுக் குடியிருப்புப் பேட்டையின், வாசலில் பெயின்ட் அடித்து நிற்கிறது. பிள்ளைகள் ஐஸ்கிரீமோடு வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் ஒரு பலகை இருக்கிறது. அதில் எழுதியிருப்பது என் வாயிலிருந்து போன பொய். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். படித்துவிட்டு யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம், எனக்கு அது பிடிக்காது.

எருமையோடு வேலை செய்த காலம் பொற்காலம் என்று எந்தக் கிழவனாவது சொன்னால் நம்பாதீர்கள். பாய்லருக்கு முன்னால் நின்றால் முகம் வேகும், முதுகில் மழைச்சாரல் அடிக்கும். நான் சேர்ந்தபோது நிலக்கரி போய் எண்ணெய் வந்துவிட்டது. மண்வெட்டி பிடிக்க வேண்டியதில்லை, வால்வைத் திருகி எண்ணெயைக் கூட்டிக் குறைத்தால் போதும். ஆனால் கொஞ்சம் அசந்தால் நெருப்பு திருப்பி அடித்துப் புருவத்தைத் தின்றுவிடும். லாபிஸ் பக்கம் ஓர் ஏற்றம் உண்டு. மழையில் தண்டவாளம் நனைந்திருந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். மணலைத் தூவிக்கொண்டு, நீராவி இறங்காமல் பார்த்துக்கொண்டு, டிரைவரிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு அந்த ஏற்றத்தைத் தாண்ட வேண்டும். வீட்டுக்கு வந்து எச்சில் துப்பினால் அதுவும் கறுப்பாக இருக்கும். என் துணியைத் தனியாகத்தான் துவைப்பார்கள்.

ஆனாலும் பயர்மேன் என்றால் ரயில்வே குவாட்டர்ஸில் ஒரு மதிப்பு. எங்களுக்குக் கீழே கிளீனர். இஞ்சினைத் துடைப்பது, கரி சுரண்டுவது, பாய்லர் கழுவுவது எல்லாம் அவர் வேலை. எருமைக்கு இருந்த கிளீனர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்துவிட்டுத் தாமதமாக ரயில்வேக்கு வந்தவர். என் அப்பாவும் ரயில்வேக்காரர் என்பதால் நான் சீக்கிரம் மேலே போய்விட்டேன். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். ஒரு நாளும் வாடா போடா கிடையாது.

அவர் குடிக்க மாட்டார். இஞ்சின் ஷெட்டில் அது ஒரு கேலி. மற்றவர்கள் வேலை முடிந்து கள்ளுக்கடைக்குப் போகும்போது அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார். அவருடைய மாமனார் குடித்தே செத்தவர். அதனால் அவர் மனைவி, அந்த அக்கா, குடிக்கிறவனுக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து, இவர் தன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் கல்யாணத்துக்கே சம்மதித்தாராம். குவாட்டர்ஸ் முழுக்கத் தெரிந்த கதை இது. பால்குடி என்று கூப்பிட்டுச் சிரிப்போம். அவரும் எங்களோடு சேர்ந்து சிரிப்பார்.

ஆயுத பூஜை அன்று ஷெட் எங்கள் ராஜ்யம். மலாய்க்காரர்கள், சீனர்கள், பஞ்சாபி டிரைவர் எல்லோரும் சுண்டலுக்காக நிற்பார்கள். எருமையைக் கழுவி, நெற்றியில் பட்டை போட்டு, வாழைக்கன்று கட்டுவோம். ஒவ்வொரு பெரிய சக்கரத்துக்கும் முன்னால் தண்டவாளத்தின் மேல் ஓர் எலுமிச்சம்பழம் வைப்போம். தீபாராதனை முடிந்ததும் டிரைவர் விசிலடித்து இஞ்சினைக் கொஞ்சம் நகர்த்துவார். எட்டுப் பழமும் ஒரே நேரத்தில் நசுங்க வேண்டும். ஒன்று தப்பினாலும் அந்த வருஷம் எருமை ரத்தம் கேட்கும் என்று நம்பினோம்.

அங்கேதான் எங்கள் புத்தி வேலை செய்தது. நீராவியோடு நிற்கிற இஞ்சின் நகராமல் இருக்கச் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை செருகியிருக்கும். கட்டை இருக்கிற இடத்தில் பழம் உட்காராது. அதனால் வருஷா வருஷம் கட்டையை உருவிவிட்டுப் பழத்தை வைப்போம். சட்டப்படி அது பெரிய குற்றம். கைபிரேக் இறுக்கியிருக்கிறதே, அஞ்சு நிமிஷத்தில் என்ன ஆகிவிடும் என்று மேலே உள்ளவர்களும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த வருஷம் கட்டையை உருவியவர் கிளீனர் அண்ணன். கைபிரேக் என் பொறுப்பு.

கைபிரேக் என்பது இஞ்சினுக்குள் நிற்கிற ஒரு கம்பி, அதன் தலையில் ஒரு சின்னச் சக்கரம். திருகத் திருக இறுகும். அன்று காலையில் உள்ளே இருந்த ஒவ்வொரு பிடிக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தேன். பிரேக் சக்கரத்தின் ஒரு பாதி சுவரோடு ஒட்டி இருந்தது, கை போகவில்லை. சக்கரத்தைத் தளர்த்தி அந்தப் பக்கத்தை முன்னால் கொண்டுவந்து பூசினேன். பிறகு செவ்வந்தி மாலையைச் சுற்றிக் கட்டினேன். சுற்றுவதற்காக இன்னும் இரண்டு மூன்று திருகல் தளர்த்தினேன். பார்க்க நன்றாக இருந்தது. மறுபடியும் இறுக்கினால் பூ நசுங்கும், சந்தனம் அழியும். எப்படியும் இன்னும் கொஞ்ச நேரத்தில் டிரைவர் நகர்த்தத்தானே போகிறார் என்று அப்படியே விட்டுவிட்டேன். எனக்கு அவசரமும் இல்லை, தூக்கமும் இல்லை. பூ நசுங்கக் கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

பழைய இஞ்சினில் நீராவி கசியும். மூட வேண்டியதை மூடியிருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். கீழே கட்டை இல்லை, மேலே பிரேக் இல்லை. அண்ணன் இடது பக்கத்தில் நாலு பழத்தை வைத்துவிட்டு, வலது பக்கம் போவதற்கு இஞ்சினைச் சுற்றி நடக்காமல், இஞ்சினுக்கும் டெண்டருக்கும் நடுவில் அடியில் நுழைந்தார். எல்லோரும் செய்கிற குறுக்குவழி. நானே எத்தனையோ தடவை நுழைந்திருக்கிறேன். உடம்பு அந்தப் பக்கம் போய்விட்டது, ஒரு கால் மட்டும் தண்டவாளத்தின் மேல் இருந்தது. அப்போது எருமை நகர்ந்தது.

அதிகம் இல்லை, ஓர் ஆள் படுக்கிற நீளம். முதலில் எனக்குக் கேட்டது எலுமிச்சம்பழம் வெடிக்கிற சத்தம். பிறகுதான் அவர் அலறினார்.

நான் உடனே கீழே குதிக்கவில்லை. பிரேக்கை இறுக்கினேன். இஞ்சினை நிறுத்தத்தான் இறுக்கினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எருமை அதற்குள் தானாகவே நின்றுவிட்டிருந்தது. பூ நசுங்கி விரலெல்லாம் மஞ்சள். கையைத் துணியில் துடைத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

காலைப் பற்றி எழுத மாட்டேன். ஷெட் ஓரத்தில் முனியாண்டிக்குப் படையல் வைத்திருந்தோம். சுருட்டு, கோழி, ஒரு போத்தல் சம்சுச் சாராயம். வலி தெரியாமல் இருக்கக் கொஞ்சம் ஊற்று என்று யாரோ சொன்னார்கள். நான்தான் ஓடிப்போய் எடுத்துவந்தேன். அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு வாயில் ஊற்றப் பார்த்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி. சத்தியம் பண்ணியிருக்கேன்," என்றார்.

ஒரு காலை இழந்து கிடக்கிற மனுஷன் சொன்ன பேச்சு இது. நான் அவர் தாடையை அழுத்திப் பிடித்து ஊற்றினேன். பாதி தொண்டைக்குள் போனது, பாதி சட்டைமேல் போனது. ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன லாரி முழுக்க அந்த வாடைதான்.

சில நாளில் மேலேயிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். கட்டையை உருவியது யார்? கிளீனர். உருவச் சொன்னது யார்? யாரும் இல்லை. வருஷா வருஷம் இப்படி ஒரு வழக்கம் உண்டா? கிடையாது. வரிசையாக நின்ற எங்களில் ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. கைபிரேக்? தான் ஏறிப் பார்த்தபோது இறுக்கமாகத்தான் இருந்தது என்றார் டிரைவர். அவர் சொன்னது உண்மை. கடைசியில் என்னைப் பார்த்து, அந்த ஆளிடம் சாராய வாசனை வந்ததா என்று அதிகாரி கேட்டார்.

"வந்துச்சு சார்," என்றேன்.

எப்போது வந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி பிரேக்கில் வந்து நிற்கும். குடிபோதையில் கட்டையை உருவிவிட்டு இஞ்சினுக்கு அடியில் நுழைந்தவர் என்று எழுதி அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். குவாட்டர்ஸையும் காலி செய்யச் சொன்னார்கள்.

அண்ணன் இன்னும் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோதே அந்த அக்கா என் வீட்டு வாசலுக்கு வந்தார். இடுப்பில் கைக்குழந்தை, பெண் குழந்தை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"எல்லாரும் அவரு குடிச்சிருந்தாருன்னு பேசுறாங்க. நீதான் தம்பி பக்கத்துல இருந்தே. வாசனை வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

அவர் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தார். அண்ணன் கண்ணைத் திறந்து பேசுவதற்குள் அவர் லாபிஸில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அண்ணன் சொன்னதெல்லாம் குடிகாரன் சொல்கிற சாக்காகத்தான் அவர் காதில் விழுந்தது. சாகும்வரை திரும்பி வரவில்லை.

நான் வேறு ஷெட்டுக்கு மாற்றல் கேட்டேன். கிடைக்கவில்லை. கிடைக்காததும் நல்லதாகத்தான் போயிற்று, ஏனென்றால் அங்கேயே டிரைவராக உயர்ந்தேன். எருமையை நானே ஓட்டினேன். கை நடுங்கியதா என்று கேட்பீர்கள். நடுங்கவில்லை. அந்த இடத்தைத் தாண்டும்போது மனசு பிசைந்ததா? முதல் மாதம் பிசைந்தது. பிறகு பசிக்க ஆரம்பித்துவிட்டது.

கோப்பிக்கடையில் உட்கார்ந்தால் யாராவது அந்தக் கதையைக் கேட்பார்கள். நானும் சொல்வேன். வருஷம் போகப் போகக் கதை வளர்ந்தது. முதலில் அவர் கொஞ்சம் போட்டிருந்தார். பிறகு கையில் போத்தல் வந்தது. பிறகு எருமைக்கு அடியில் குறட்டை விட்டுத் தூங்கினார். எழுப்பினால், போர்வையை ஏன் இழுக்கிறாய் என்று இஞ்சினைப் பார்த்துக் கேட்டார். அந்த இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கிறவன் நோண்டிக் கேட்க மாட்டான் என்று நான் எப்போதோ கண்டுகொண்டேன்.

டீசல் வந்ததும் எருமையை ஓர் ஒதுக்குப்புறத்தில் தள்ளிவிட்டார்கள். பித்தளையும் செம்பும் ஒவ்வொன்றாகத் திருடு போயின. விசில் போனது, குழாய்கள் போயின, நீர்மட்டம் பார்க்கிற கண்ணாடியைக்கூட விடவில்லை. டீசல் ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்ப்பேன். ஒரு வருஷம் புகைபோக்கிக்குள் மரம் ஒன்று முளைத்துத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அழுகட்டும் என்று நினைத்தேன். அது துருவாகி மண்ணோடு போய்விட்டால் என் கணக்கும் முடியும் என்று ஒரு நினைப்பு.

அது போகவில்லை. மின்சார ரயிலுக்குப் புதுப் பாதை போட வந்தபோது அந்த இடத்தைக் காலி செய்தார்கள். பழைய இரும்புக்காரன் வந்து அளந்துகொண்டு போனான். அதற்குள் தாமான் கட்டுகிற ஒரு கம்பெனி எருமையைத் தன் வாசலுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டது. இரண்டு கிரேன் வைத்துத் தூக்கி, நீள லாரியில் ஏற்றி, நெடுஞ்சாலை வழியாகக் கூலாய்க்குக் கொண்டுவந்தார்கள். மணலைப் பீய்ச்சித் துருவை உரித்தார்கள். ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்தார்கள். சக்கரங்களைத் தண்டவாளத்தோடு வைத்துப் பற்றவைத்தார்கள். கறுப்புக்கு மேல் சிவப்புக் கோடு போட்டார்கள். எருமை தன் வாழ்நாளில் சிவப்புக் கோடு போட்டதே இல்லை. புகைபோக்கிக்குள் ஓர் ஒலிபெருக்கி வைத்தார்கள், அதில் எந்த நாட்டு இஞ்சினோ கூவுகிறது.

தாமான் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு தமிழ்ப் பெண்தான் என்னைத் தேடிப் பிடித்தாள். நல்ல பிள்ளை, ஓடியாடி வேலை செய்வாள்.

"அங்கிள், இத ஓட்டினவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சமாம். வந்து பாருங்க லா," என்றாள்.

போனேன். ஏணி வைத்து உள்ளே ஏற்றினார்கள். பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த பையன் கைபிரேக் சக்கரத்தைக் காட்டி, இது எதற்கு என்று மலாயில் கேட்டான். சும்மா அழகுக்கு என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு அதற்கு மஞ்சள் அடித்தான்.

அந்தப் பெண் போனை வீடியோவில் போட்டு எதிரே நிறுத்திவைத்து என்னைப் பேசச் சொன்னாள். எருமையின் ஏற்றம், மழை, மணல் எல்லாம் சொன்னேன். அவள் கண் போனைவிட்டு நகரவில்லை.

"ஏதாவது இன்ட்ரஸ்டிங்கா, அங்கிள்? பேய்க்கதை மாதிரி?"

வாய் பழக்கம். குடிகாரக் கிளீனர் கதையைச் சொன்னேன், போர்வை வரைக்கும்.

"அலமாக், அங்கிள்! சூப்பர்," என்று சிரித்தாள்.

அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றி லாபிஸ் வரை போய்விட்டது. ஒரு வாரத்தில் என் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண் ஓட்டி வந்தாள். கதவைத் திறந்துவிட்டுத் தன் அப்பா இறங்க உதவினாள். எனக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கி வருகிறேன் என்று காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். செயற்கைக் காலும் ஊன்றுகோலுமாகக் கிளீனர் அண்ணன் என் வாசற்படியில் நின்றார். மெலிந்து பாதியாகிவிட்டிருந்தார்.

"நல்லாப் பேசினீங்க தம்பி, வீடியோவுல," என்றார். இப்போது என்னை நீங்க என்கிறார்.

உட்காரவைத்தேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாக, வரிசையாகச் சொன்னார். மனைவி இறந்துபோனது. இவர் தோட்டத்தில் கேட்டுக்குக் காவல் இருந்து, பிறகு முதியோர் இல்லத்தில் கிடந்தது. கடைசியில் ஊர் ஏதாவது சொல்லுமே என்று மகள் வந்து அழைத்துக்கொண்டு போனது. வேளைக்குச் சோறு போடுகிறாள், மருந்து வாங்கிக் கொடுக்கிறாள், பேச மட்டும் மாட்டாள்.

"குடிச்சுக் குடும்பத்த அழிச்ச ஆளுக்குச் சோறு போடறேன், அது போதாதான்னு ஒரு தடவ கேட்டா. அவ மேல தப்பில்ல. அவ அம்மா சொல்லி வளத்தது அது. இப்ப உங்க வீடியோவ ரெண்டு தடவ போட்டுப் பாத்தா."

நான் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

"அன்னைக்கு நீங்க ஊத்தினது நல்லதுக்குத்தான். வலியிலயே செத்திருப்பேன். வாசனை வந்துச்சான்னு கேட்டாங்க, வந்துச்சுன்னீங்க. பொய்யா சொன்னீங்க? எப்பன்னு யாரும் கேக்கல."

இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாக்கு அது. அதை அவர் வாயால் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டிவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பேன்.

"கால் போனது என் தப்பு. கட்டைய உருவுனது நான்தானே. கட்டை இருந்திருந்தா அது நகர்ந்திருக்காது. அதுக்கு நான் யாரையும் குத்தம் சொன்னதில்ல. ஆனா குடிக்கல, தம்பி. அத மட்டும் என் மக காதுல விழுற மாதிரி சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொன்னா நம்புவா."

பிரேக்கை அப்போதே சொல்லியிருக்கலாம். வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. எனக்கு இனி இழக்க வேலையும் இல்லை, பதவியும் இல்லை. வயது எண்பதை நெருங்குகிறது. ஆனாலும் என் வாய் திறக்கவில்லை. அவர் கட்டையைத் தன் தலையில் சுமந்துகொண்டே அரை நூற்றாண்டு நடந்திருக்கிறார், இனிமேல் அதை இறக்கி என் தலையில் வைப்பானேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன்.

"சொல்றேண்ணே. திறப்பு விழாவுல எல்லாரும் கேக்கச் சொல்றேன். மகளக் கூட்டிட்டு வாங்க," என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். கார் வரும்வரை விடவே இல்லை.

திறப்பு விழாவை ஆயுத பூஜை அன்று வைத்திருந்தார்கள். அந்தத் தமிழ்ப் பெண்ணின் யோசனை. பழைய வழக்கப்படி எட்டுச் சக்கரத்துக்கும் எட்டு எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். பற்றவைத்த சக்கரம் எப்படி நசுக்கும் என்று யாரும் கேட்கவில்லை. ஊதுகிற கூடாரம், பஞ்சுமிட்டாய், சிங்க நடனம் எல்லாம் இருந்தது. எனக்கு மேடையில் முன்வரிசை நாற்காலி, கழுத்தில் ஆளுயர மாலை.

பலகையை அன்றுதான் திறந்தார்கள். மூன்று மொழியில் எழுதி, எஃகில் வெட்டிப் பதித்த பலகை. ஒரு பக்கம் எருமை எத்தனை வருஷம் என்னென்ன இழுத்தது என்ற விவரம். மறுபக்கம் ஒரு கேலிப்படம்: எருமைக்கு அடியில் மூக்குச் சிவந்த ஓர் ஆள் போத்தலோடு படுத்துத் தூங்குகிறான். அதற்கு மேலே 'காலைத் தின்ற எருமை' என்று தலைப்பு. கீழே என் கதை, என் வார்த்தையில், போர்வை உள்பட. பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று சிரித்தார்கள்.

அண்ணனும் மகளும் அந்தப் பலகைக்கு முன்னால்தான் நின்றார்கள். அவள் ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். தன் பக்கத்தில் நிற்கிற ஒற்றைக்கால் கிழவர்தான் படத்தில் இருப்பவர் என்று யாருக்காவது தெரிந்துவிடுமோ என்ற பயம் அவள் முகத்தில் இருந்தது. அப்பாவைவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.

என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன்.

"அந்தப் பலகையில இருக்கிற கதைய நான்தான் சொன்னேன். அது பொய்," என்றேன். "அவரு அன்னைக்குக் குடிக்கல. அதுக்கு முன்னாடியும் குடிச்சதில்ல. அடிபட்டதுக்கு அப்புறம், வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல, அவரு வாயைப் புடிச்சு நான்தான் ஊத்தினேன். விசாரணையில வாசனை வந்துச்சான்னு கேட்டாங்க. வந்துச்சுன்னு மட்டும் சொன்னேன். மத்தத மறைச்சுட்டேன். அவரு அங்க நிக்கிறாரு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கப் பார்த்தார். மகள் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாக்கியம் என் நாக்கில் இருந்தது. பிரேக்கைத் தளர்த்தியது நான்தான். மூன்றே வார்த்தை. அதற்குள் யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். இந்த வயதிலும் இவ்வளவு நேர்மையா என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தேன். ஓய்ந்ததும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பயந்துதான் விட்டுவிட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் இரக்கம் வரும். பயம் இல்லை. அந்தக் கைதட்டல் பிடித்திருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

பலகையை மாற்ற மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்று அந்தத் தமிழ்ப் பெண் சொன்னாள். இதுவரை மாற்றவில்லை. அதன் முன்னால்தான் அதிகம் பேர் படம் எடுக்கிறார்களாம்.

மேடையிலிருந்து இறங்கினேன். அண்ணனும் மகளும் எனக்காகக் கீழே நின்றார்கள். அவள் இப்போது அவர் தோளை அணைத்துப் பிடித்திருந்தாள். அவள் முகம் வீங்கிச் சிவந்திருந்தது. அப்பா, அப்பா என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள், வேறு எதுவும் வரவில்லை. அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார்.

"இனி நான் எப்பப் போனாலும் சரி, தம்பி. தெய்வம் மாதிரி வந்து சொன்னீங்க," என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "கட்டைய உருவுனது அப்பா தப்பும்மா. அதுக்கு எனக்குக் கெடச்சது கெடச்சுது. இவரு ஒருத்தர்தான் அன்னைக்கு ஓடிவந்து என்னை மடியில போட்டுக்கிட்டாரு. கால்ல விழுந்து கும்பிட்டுக்க."

நான் பின்னால் நகர்ந்திருக்க வேண்டும். வேண்டாம்மா என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்க வேண்டும். கழுத்தில் மாலையோடு அசையாமல் நின்றேன். அவள் புல்லில் மண்டியிட்டுக் குனிந்து, என் இரண்டு பாதங்களையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நல்லா இரும்மா," என்றேன்.